தலைமாட்டில் ஒரு சாண் புத்தகம்

சென்ற இதழில், கட்டிலுக்குப் பக்கத்தில் நீங்கள் அடுக்கி வைத்திருக்கும் புத்தகங்களைப் பற்றி எழுதுங்கள் என்று கேட்டிருந்தேன். ஒரு பை நிறையக் கடிதங்கள் வந்துவிட்டன. புது வாசகர்களுக்காக ஒரு வரி: நான் ஒரு நூலகத்தின் பைண்டிங் பிரிவில் 29 வருஷம் தையல் மேசையில் உட்கார்ந்தவள். கிழிந்தது, பிரிந்தது, முதுகு உடைந்தது எல்லாம் என் கைக்குத்தான் வரும். ஒரு புத்தகத்தை எப்படிப் படித்திருக்கிறார்கள் என்று அதன் உடம்பைப் பார்த்தே சொல்லப் பழகிவிட்டேன். இங்கே சொல்லும் பதில்களும் அந்தப் பழக்கத்தில் வந்தவைதான்.

கேள்வி: என் தலைமாட்டில் 14 புத்தகங்கள் இருக்கின்றன. ஒன்றையும் முடிக்கவில்லை. ஒன்றில் 40 பக்கம், இன்னொன்றில் 90 பக்கம் என்று நிற்கின்றன. படுக்கப் போகும்போது அந்த அடுக்கைப் பார்த்தாலே குற்றவுணர்ச்சி வருகிறது. "எல்லாவற்றையும் தூக்கி அலமாரியில் வை" என்கிறார் கணவர். வைத்துவிடட்டுமா?
— பள்ளி ஆசிரியை ஒருவர்

எல்லாவற்றையும் வைக்க வேண்டாம். எது இருக்கலாம், எது போகலாம் என்று அந்தப் புத்தகங்களிடமே கேட்கலாம்.

நாளைப் பகலில், நல்ல வெளிச்சம் விழும் ஜன்னல் பக்கம் 14 புத்தகங்களையும் கொண்டுபோங்கள். ஒவ்வொன்றையும் மூடியபடியே பிடித்து, முதுகுக்கு எதிர்ப்பக்கத்தைப் பாருங்கள். தாள்களின் ஓரமெல்லாம் சேர்ந்து ஒரு பட்டை மாதிரி தெரியும். திறக்காத புத்தகத்தில் அந்தப் பட்டை ஒரே நிறமாக இருக்கும். படித்த புத்தகத்தில், விரல் போன இடம்வரை லேசாகப் பழுப்பேறியிருக்கும். அப்புறம் சட்டென்று வெளுப்பு. கீழ் மூலையைத் தடவிப் பாருங்கள். கட்டைவிரலால் தள்ளித் தள்ளிப் புரட்டிய தாள்கள் முனை மழுங்கி, துவைத்த துணி மாதிரி மெத்தென்று இருக்கும்.

பழுதுபார்க்க வரும் நாவல்களில் அந்தப் பழுப்பும் வெளுப்பும் சந்திக்கும் கோட்டை நான் தினமும் பார்த்திருக்கிறேன். பலர் கை மாறிய புத்தகமாக இருக்கும். ஆனாலும் பெரும்பாலும் முதல் மூன்றில் ஒரு பங்குக்குள்ளேயே அந்தக் கோடு விழுந்திருக்கும். எங்கள் பிரிவில் அதற்குத் 'தூக்கக் கோடு' என்று பெயர் வைத்திருந்தோம். நாங்களாக வைத்த பெயர்தான். அதில் எவ்வளவு உண்மை இருக்கிறது என்பது பின்னால்தான் தெரிந்தது.

செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கேத்ரின் ரூடி ஒரு கலை வரலாற்று ஆய்வாளர். ஐரோப்பாவின் இடைக்காலப் பிரார்த்தனைச் சுவடிகளை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு பக்கத்திலும் எவ்வளவு அழுக்குப் படிந்திருக்கிறது என்று அளந்தார். ஒரு பரப்பு எந்த அளவு கறுத்திருக்கிறது என்று காட்டும் டென்சிட்டோமீட்டர் என்ற கருவியை அதற்குப் பயன்படுத்தினார். ஆய்வு வெளிவந்தது 2010-இல். கொள்ளைநோயிலிருந்து காப்பாற்றும்படி வேண்டும் பக்கங்களில் அழுக்கு நன்றாக ஏறியிருந்தது. விடிவதற்கு முன்னால் சொல்ல வேண்டிய ஒரு பிரார்த்தனையில் மட்டும் முதல் சில பக்கங்களோடு அழுக்கு நின்றுவிட்டது. படித்தவர்கள் அந்த இடத்தில் தூங்கிப்போயிருப்பார்கள் என்கிறார் அவர். என்றைக்கோ யாரோ தூங்கிப்போனது இன்றைக்கும் தாளில் தெரிகிறது! இதைப் படித்த அன்று, எனக்கு அடுத்த மேசையில் 20 வருஷம் உட்கார்ந்திருந்த தோழியைத் தொலைபேசியில் கூப்பிட்டு முழுக்க வாசித்துக் காட்டினேன்.

ஆகவே பாதியில் தூங்கியதற்காக நீங்கள் வருத்தப்பட வேண்டியதில்லை. 90 பக்கம் என்று எழுதியிருக்கிறீர்கள். களைத்துப் படுக்கும் ஒருவருக்கு ஓர் இரவில் ஐந்தாறு பக்கம் ஓடினாலே அதிகம். அப்படிப் பார்த்தால் அந்தப் புத்தகத்தோடு குறைந்தது 15 இரவுகள் இருந்திருக்கிறீர்கள். அது சின்ன விஷயமா?

சரி, இப்போது பிரியுங்கள். ஓரத்தில் பழுப்பேறியவை தலைமாட்டில் இருக்கட்டும். பட்டை முழுக்க வெளுப்பாக இருப்பவை வாங்கிய அன்று அங்கே வைத்து அப்படியே விட்டவை. அவை அலமாரிக்குப் போகட்டும். படிக்காத புத்தகம் வீட்டில் இருப்பதில் எனக்கு எந்த ஆட்சேபமும் இல்லை. அப்படி வாங்கி அடுக்கிவிட்டுப் படிக்காமல் இருப்பதற்கு ஜப்பானிய மொழியில் 'சுண்டோகு' என்று ஒரு சொல்லே இருக்கிறது. 'அடுக்கி வைத்துவிடுதல்', 'படித்தல்' என்ற இரண்டையும் ஒட்டிச் செய்த சொல். மெய்ஜி காலத்தில், அதாவது 1868-க்கும் 1912-க்கும் நடுவில், புழக்கத்துக்கு வந்தது. ஆனால் அந்த அடுக்கு தலைமாட்டில் வேண்டாம். கண் சொக்கும் நேரத்தில் 14 அட்டைகளில் எதை எடுப்பது என்று யோசித்தால், கை எதையும் எடுக்காமல் விளக்கை அணைத்துவிடும்.

என் அளவு ஒரு சாண். மேசைமேல் கட்டைவிரலை ஊன்றிச் சுண்டுவிரலை மேலே நீட்டுங்கள். அதற்குள் அடுக்கு நிற்க வேண்டும். பெரியது அடியில், சிறியது மேலே. அதைவிட உயர்ந்தால் அடியில் இருப்பதை எடுக்க இரண்டு கை தேவைப்படும். இருட்டில் சரிந்து விழுந்தால் முதலில் நசுங்குவது அட்டை மூலைதான். அப்படி மூலை நசுங்கிய புத்தகங்களை எத்தனை சரிசெய்திருப்பேன் என்று கணக்கே இல்லை.

கேள்வி: பக்கத்தில் தூங்குபவருக்குத் தொந்தரவு வேண்டாம் என்று விளக்கை அணைத்துவிட்டுக் கைபேசியில் படிக்கிறேன். இதுவும் படிப்புதானே?
— இரவுப் படிப்பாளர்

படிப்புதான். அதில் சந்தேகமே வேண்டாம். தூக்கம்தான் கொஞ்சம் தள்ளிப்போகிறது. 2014-இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில் 12 பேரை ஐந்து இரவுகள் ஒளிரும் திரையிலும், ஐந்து இரவுகள் அச்சுப் புத்தகத்திலும் படிக்கச் சொன்னார்கள். திரையில் படித்த இரவுகளில் தூக்கம் பிடிக்கச் சராசரியாகப் பத்து நிமிடம் கூடுதலாக ஆனது. தூக்கத்துக்கு உடம்பைத் தயார்ப்படுத்தும் மெலடோனின் சுரப்பும் குறைந்தது. ஆனால் அவர்கள் ஒவ்வோர் இரவும் நான்கு மணி நேரம் படித்தார்கள். நீங்கள் அரை மணி நேரம் படிப்பவர் என்றால் இதைக் கேட்டுப் பயப்பட வேண்டாம்.

புத்தக அட்டையில் கவ்விக்கொள்ளும் சின்ன விளக்குகள் கிடைக்கின்றன. பெட்டியில் 2700 கெல்வின் அல்லது அதற்கும் குறைவாகப் போட்டிருந்தால் வெளிச்சம் மஞ்சளாக இருக்கும். பக்கத்தின் மேல் மட்டும் விழும்படி வளைத்துவிட்டால் பக்கத்தில் இருப்பவர் தூங்கலாம். ஒன்று மட்டும்: படித்து முடித்ததும் விளக்கைக் கழற்றிவிடுங்கள். கவ்வியபடியே விட்டால் அட்டையில் பள்ளம் விழும்.

கேள்வி: அடுக்கைத் தூக்கினால் வெள்ளி நிறத்தில் ஒரு பூச்சி விறுவிறுவென்று ஓடுகிறது. தலையணைக்குப் பக்கத்திலேயே! அந்துருண்டை போடலாமா?
— கைக்குழந்தையின் தாய்

தயவுசெய்து போடாதீர்கள். தூங்கும் இடத்தில் நாப்தலின் ஆவியை இரவு முழுக்கச் சுவாசிப்பது யாருக்கும் நல்லதல்ல. ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ள குழந்தைகளுக்கு அது ரத்தச் சிவப்பணுக்களையே சிதைத்துவிடும். வீட்டில் ஏற்கெனவே உருண்டை இருந்தால் முதலில் அந்த அறையை விட்டு வெளியே எடுங்கள்.

நீங்கள் பார்த்தது ராமபாணம். அது உங்களைக் கடிக்காது. அதற்கு வேண்டியது மாவுச்சத்து. தாளின் மேல்பூச்சையும், முதுகில் தடவிய மாவுப் பசையையும் சுரண்டித் தின்னும். நாங்கள் பசை காய்ச்சும்போது மயில்துத்தம் கலப்பதே இதற்காகத்தான். ராமபாணம் அரித்த தாள் மேலே சுரண்டிய மாதிரி மெலிந்திருக்கும். ஊசியால் குத்தியதுபோல் வட்ட ஓட்டை இருந்தால் அது வேறு பூச்சி, வண்டின் புழு.

ராமபாணத்துக்கு ஈரமும் இருட்டும் வேண்டும். காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்துக்கு மேல் இருந்தால் நன்றாகப் பெருகும். அதனால் அடுக்கைச் சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளி வையுங்கள். வெளிச்சுவர் என்றால் இன்னும் தள்ளி வையுங்கள். வாரம் ஒரு முறை எல்லாவற்றையும் எடுத்து விசிறிப் புரட்டி, அடுக்கைத் தலைகீழாக்கி வையுங்கள். தண்ணீர்க் குவளையைப் புத்தகத்தின் மேல் வைக்கும் பழக்கம் இருந்தால் அதையும் நிறுத்துங்கள். குவளையின் அடியில் கசியும் ஈரம் அட்டையில் வட்டமாக ஊறிவிடும்.

அரிப்பு முற்றிய புத்தகத்துக்குக் காப்பகங்களில் செய்யும் வைத்தியம் ஒன்று உண்டு. பிளாஸ்டிக் பையில் இறுக மூடி, மைனஸ் 20 டிகிரி செல்சியஸில் ஒரு வாரம் உறையவைப்பார்கள். முட்டையோடு சேர்த்துச் செத்துவிடும். வெளியே எடுத்ததும் பையைப் பிரிக்கக் கூடாது. அறையின் வெப்பத்துக்கு வரும்வரை ஒரு நாள் அப்படியே விட வேண்டும். அவசரப்பட்டால் தாளில் ஈரம் கோத்துக்கொள்ளும்.

கேள்வி: அம்மா இறந்து ஏழு மாதம் ஆகிறது. அவருடைய கட்டில் பக்கத்தில் நான்கு புத்தகங்கள் அப்படியே இருக்கின்றன. ஒன்றில் 112-ஆம் பக்கத்தில் கொண்டை ஊசி. இன்னொன்றில் செய்தித்தாளைக் கிழித்து வைத்திருக்கிறார். அடுத்த மாதம் வீடு மாறுகிறோம். அவற்றைத் தொடவே கை வரவில்லை. என்ன செய்யட்டும்?
— மகள்

உங்கள் கடிதத்தை இரண்டு நாள் மேசைமேல் வைத்துக்கொண்டிருந்தேன். ஆறுதலாக என்ன எழுதினாலும் போதாது என்று தோன்றியது. கைவேலை தெரிந்தவள் என்பதால், எனக்குத் தெரிந்த வேலையைச் சொல்கிறேன். செய்யச் செய்யக் கை வரும்.

முதலில் இருக்கிறபடியே மேலிருந்தும் பக்கவாட்டிலும் புகைப்படம் எடுத்துக்கொள்ளுங்கள். எது அடியில், எது மேலே, எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதெல்லாம் தெரிய வேண்டும். ஒரு சீட்டில் வரிசையையும் எழுதிவிடுங்கள்.

கொண்டை ஊசியை வெளியிலிருந்து பிடித்து இழுக்காதீர்கள். புத்தகத்தை மேசையில் வைத்து, 112-ஆம் பக்கத்தை மெதுவாகத் திறந்து, ஊசியை மேல்நோக்கித் தூக்குங்கள். இரும்பு ஊசி என்றால் துருப்பிடித்துத் தாளோடு ஒட்டியிருக்கலாம். அப்படி இருந்தால் ஊசியின் கால் இரண்டையும் லேசாக விரித்துவிட்டு, தாளை அதிலிருந்து நழுவ விடுங்கள். இழுத்தால் தாள் கிழியும். எடுத்த ஊசியை ஒரு சிறிய தாள் உறையில் போட்டு, உறையின் மேல் '112' என்று எழுதிப் புத்தகத்துக்குப் பக்கத்தில் வையுங்கள், உள்ளே வேண்டாம். அந்த இடத்தில் ஒரு பருத்தி நூலை வைத்துவிடுங்கள். பின் அட்டையின் உள்பக்கத்தில், அழுத்தாமல், பென்சிலால் பக்க எண்ணைக் குறியுங்கள். பேனா வேண்டாம்.

செய்தித்தாள் துண்டையும் எடுத்துவிடுங்கள். அது அரைத்த மரக்கூழில் செய்த தாள். மரத்தில் உள்ள லிக்னின் அதில் அப்படியே தங்கியிருக்கும். நாள்பட அதிலிருந்து அமிலம் இறங்கி, இரண்டு பக்கங்களிலும் துண்டின் வடிவத்திலேயே பழுப்பு நிழல் விழும். இப்போதே லேசாக விழுந்திருக்கலாம். விழுந்த நிழல் இருக்கட்டும். துண்டைத் தனி உறையில் வைத்துக்கொள்ளுங்கள்.

பக்கங்களின் கீழ் மூலையில் அவர் விரல் பட்ட பழுப்பு இருக்கும். சுத்தம் செய்து தருகிறேன் என்று யார் சொன்னாலும் கொடுக்காதீர்கள். அழிப்பானும் ரொட்டி மாவு மாதிரிப் பிசைந்த ரப்பரும் வைத்து நான் எத்தனையோ ஓரங்களை வெளுப்பாக்கியிருக்கிறேன். அது என் வேலை. நூலகம் கேட்டது, செய்தேன். இப்போது நினைத்தால், அவற்றில் சிலதை விட்டிருக்கலாம் என்றுதான் தோன்றுகிறது.

பெட்டியில் வைக்கும்போது நான்கையும் அதே வரிசையில் படுக்கை வாட்டில் வையுங்கள். புது வீட்டில் உங்கள் தலைமாட்டிலேயே இறக்குங்கள். எப்போது முடிகிறதோ அப்போது 112-ஆம் பக்கத்திலிருந்து படிக்கத் தொடங்குங்கள். முதல் பக்கத்துக்குப் போக வேண்டாம். ஆள் யார், ஊர் எது என்று புரியாவிட்டால் முன்பக்கங்களை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

கேள்வி: பழங்காலத்திலும் தலைமாட்டில் புத்தகம் வைத்துக்கொண்டார்களா?
— கல்லூரி மாணவர்

வைத்துக்கொண்டார்கள், தம்பி. அலெக்சாண்டர் இலியட் காவியத்தைக் குறுவாளோடு சேர்த்துத் தலையணைக்கு அடியில் வைத்திருந்தார் என்று புளூட்டார்க் எழுதியிருக்கிறார். அரிஸ்டாட்டில் திருத்திக் கொடுத்த பிரதியாம். அந்தக் காலத்தில் புத்தகம் என்றால் பாப்பிரஸ் சுருள். 24 பகுதிகள் கொண்ட அந்தக் காவியம் ஒரே சுருளில் அடங்காது. அத்தனை சுருளுக்கு மேல் தலைவைத்து எப்படித் தூங்கினாரோ என்று நான் பல தடவை யோசித்திருக்கிறேன்.

படுத்துக்கொண்டு ஒரு கையில் பிடித்துப் படிப்பது பரவ, புத்தகம் சின்னதாக வேண்டியிருந்தது. வெனிஸ் அச்சகர் ஆல்டஸ் மனுஷியஸ் 1501-இல் வர்ஜிலின் கவிதைகளைக் கையடக்கமாக, சாய்வெழுத்தில் அச்சிட்டார். ஒரு தாளை மூன்று முறை மடித்தால் 8 இலை, 16 பக்கம். நாங்கள் ஒரு பாரம் என்று சொல்வதும் இந்த 16 பக்கத்தைத்தான். என் ஊசி 29 வருஷமும் அந்த மடிப்பின் வழியாகத்தான் போய்வந்தது.

மின்விளக்கு வரும்வரை இதில் ஆபத்தும் இருந்தது. மெழுகுவர்த்தியைப் பக்கத்தில் வைத்துப் படித்தபடியே தூங்கிப்போய், கட்டில் திரையில் தீப்பிடித்த சம்பவங்கள் ஐரோப்பாவில் உண்டு. படுக்கையில் படிக்காதீர்கள் என்று பெரியவர்கள் அங்கே கண்டித்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

இன்னொன்றும் சொல்ல ஆசை. பிரெஞ்சு மொழியில் 'லீவ்ர் த ஷவே' என்பார்கள். 'ஷவே' என்றால் கட்டிலின் தலைமாடு. சொல்லுக்குச் சொல் நம் 'தலைமாட்டுப் புத்தகம்'தான். ஆனால் வழக்கில் அதற்கு, ஒருவர் திரும்பத் திரும்ப எடுக்கும் பிடித்த புத்தகம் என்று பொருள்.

கேள்வி: தூக்கம் வந்ததும் புத்தகத்தைத் திறந்தபடியே கவிழ்த்து வைத்துவிடுகிறேன். தவறா?
— அவசரக்காரர்

தைத்த புத்தகம் என்றால் ஓரளவு தாங்கும். இப்போது வரும் பேப்பர்பேக்குகளில் பெரும்பாலானவற்றுக்குத் தையலே கிடையாது. மடிப்பைச் சீவி எறிந்துவிட்டு, தனித்தனி தாள்களாகச் சூடான பசையில் ஒட்டுகிறார்கள். வருஷம் ஆக ஆக அந்தப் பசை இறுகும். நீங்கள் கவிழ்த்து வைக்கும் ஒவ்வோர் இரவும் அதே இடத்தில் முதுகு மடங்கும். ஒருநாள் 'டக்'கென்று ஒரு சத்தம் வரும். அப்புறம் பக்கங்கள் கொத்தாக உதிரும். என் மேசைக்கு வந்த புத்தகங்களில் அந்த உடைப்பு தூக்கக் கோட்டின் மேலேயே இருக்கும்.

எது தைத்தது என்று தெரிய, முதுகின் மேல்முனையைப் பாருங்கள். சின்னச் சின்ன மடிப்புகள் வளைவு வளைவாகத் தெரிந்தால் தைத்தது. வழவழவென்று ஒரே பசைக்கோடாக இருந்தால் ஒட்டியது. ஒட்டியதைக் கவிழ்க்காதீர்கள். ஒரு துண்டுத் தாளை வைத்து மூடுங்கள்.

கேள்வி: உங்கள் தலைமாட்டில் இப்போது என்ன இருக்கிறது?
— பலர்

மூன்று இருக்கின்றன. திருக்குறள் எப்போதும் உண்டு. ஓர் இரவுக்கு ஓர் அதிகாரம் என்று 133 இரவில் ஒரு சுற்று. பத்துக் குறள் என்பது தூக்கத்துக்கு முன்னால் சரியான அளவு. நான் இப்போது எத்தனையாவது சுற்றில் இருக்கிறேன் என்று எண்ணுவதை விட்டுவிட்டேன். அடுத்தது ஒரு கடிதத் தொகுப்பு. எங்கே திறந்தாலும் அங்கிருந்தே படிக்கலாம் என்பதால் அதன் ஓரம் முழுக்கச் சமமாகப் பழுப்பேறியிருக்கிறது. மூன்றாவது ஒரு பெரிய நாவல். அதன் தூக்கக் கோடு 61-ஆம் பக்கத்தில் நிற்கிறது. மூன்று வாரமாக அங்கேயேதான் இருக்கிறேன். அந்தப் பக்கத்தில் ஒரு கிழவர் தன் வீட்டுத் திண்ணையைப் பூசிக்கொண்டிருக்கிறார். அவர் பூசி முடிப்பதற்குள் எனக்குக் கண் சொக்கிவிடுகிறது.

அடுத்த இதழுக்கு: பக்க அடையாளமாக நீங்கள் எதை வைக்கிறீர்கள் என்று எழுதுங்கள். கொண்டை ஊசி வைப்பவர்கள் இன்றைக்கே அதை எடுத்துவிடுங்கள்.